பாதிச் சாப்பாட்டில் ஒரு கும்மி

போன வருடம் மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரான கோலார் தங்கவயலில் நடந்தது இது.

நான் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். என் மேலாளர் கன்னடக்கார அம்மா. தமிழ் நன்றாகப் புரியும், தட்டுத் தடுமாறிப் பேசவும் செய்வார். "உங்க ஊர் பாக்கணும்" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கும், லீவுக்குப் பாட்டி வீடுகளுக்கு வந்திருக்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு மாதம் ஆட்டம் பாட்டம் சொல்லித் தந்து, கடைசி நாளன்று மைதானத்தில் மேடை போட்டு ஆட வைப்பார்கள். அதற்கே வரச் சொன்னேன். கணவரோடு வருவதாகச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மைதானத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டலில் ஒரு வாரம் முன்பே நல்ல மேஜையாகப் பார்த்துச் சொல்லி வைத்துவிட்டேன்.

மத்தியானம் பங்காருபேட்டை ஸ்டேஷனில் அவர்களை அழைத்துக்கொண்டு நேரே பானிபூரிக் கடைக்குப் போனோம். அந்த ஊர் பானிபூரியில் ஊற்றும் தண்ணீர் பச்சையாக இருக்காது, குடிதண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். வாயில் போட்டால்தான் காரம் தெரியும். மேலாளரின் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு தட்டு கேட்டார். பிறகு எங்கள் ஊருக்கு வந்து, மூடிக் கிடக்கும் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தைக் காட்டினேன். "இதுல தொங்கற கேஜ்ல, லிப்ட் மாதிரி இரும்புக் கூண்டுல ஏறித்தான் எங்க தாத்தா ஷிப்டுக்குக் கீழ போவாரு" என்று நான் சொன்னதும் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்து மணிக்கு ஓட்டலில் உட்கார்ந்தோம். ஆவி பறக்கும் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் வந்தன. இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்போம். வானம் கறுத்தது. காற்று ஒரு சுழற்று சுழற்றியது. சடசடவென்று கோடை மழை கொட்டத் தொடங்கியது. எதிரே மேடைப் பந்தல் ஒரு பக்கமாகச் சரிந்தது. கரண்ட் போனது. பாவாடையும் தாவணியும் நனைய இருபது, இருபத்தைந்து பெண் பிள்ளைகள் ஓட்டலுக்குள் ஓடி வந்தார்கள். பின்னாலேயே அவர்களின் ஆட்ட டீச்சரும் பெற்றோரும்.

ஓட்டல் முதலாளி ஐம்பது வயதுப் பெண்மணி. டீச்சரிடம் ஏதோ பேசிவிட்டு எங்கள் மேஜைக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நாளைக்குப் பாதிப் புள்ளைங்க அவங்கவங்க ஊருக்குப் போயிடும். இங்கயே ஆடட்டும்னு பாக்கிறேன். மேஜையைக் கொஞ்சம் ஓரமா தள்ளிக்கலாமா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "இன்னாங்க இது? ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வச்சிட்டு வந்துகிறோம். பாதி சாப்பாட்டுல எழுந்துக்கோன்னா எப்படி?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

முதலாளியம்மாவின் பக்கத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நின்றிருந்தாள். கண் மை மழையில் கரைந்து கன்னமெல்லாம் வழிந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, நனைந்த பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

அதற்குள் என் மேலாளர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "ஏளி, ஏளி" என்று கன்னடத்தில் கணவரையும் எழுப்பினார். அவர் மேஜையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நான் பிடிப்பேன் என்று என்னைப் பார்த்தார். வெட்கத்தில் என் முகம் எரிந்தது. பிடித்தேன். அவ்வளவுதான், மற்ற மேஜைக்காரர்களும் கூட்டம் கூட்டமாக எழுந்து நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இடம் தயார். பாட்டு இல்லை! பாட்டெல்லாம் ஒலிபெருக்கிக்காரரின் பெட்டியில், மழையில் கிடந்தது. டீச்சர் கும்மிப் பாட்டைத் தானே பாடிப் பார்த்தார். ஒரு மாதம் கத்தியதில் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. பிள்ளைகள் வட்டமாக நின்றபடி முழித்தார்கள்.

அந்தக் கும்மிப் பாட்டு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நாங்களும் ஆடியதுதான். ஆனால் அலுவலகத்தில் இங்கிலீஷைத் தவிர வேறு பேசாத நான், மேலாளர் முன்னால் எப்படிப் பாடுவது? மை கரைந்த அந்தச் சிறுமி கைகளைக் கும்மிக்குத் தூக்கியபடியே காத்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே தொடங்கிவிட்டேன்.

முதல் அடியிலேயே பிள்ளைகளின் கைகள் ஒன்றாகத் தட்டின. ஓட்டல் கூடமே அதிர்ந்தது! மேலாளரின் கணவர் காலி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினார். சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே குடை பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது சரணத்தில் ஒரு அடியைத் தப்பாகப் பாடிவிட்டேன். பிள்ளைகளே சரியான அடியை என்னைவிடச் சத்தமாகப் பாடி என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். முடிந்ததும் "இன்னொரு தபா! இன்னொரு தபா!" என்று ஒரே கூச்சல். மூன்று முறை ஆடினார்கள். மூன்றாவது முறை என் மேலாளரும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் போய்விட்டார்.

மழை விட்டது. பிள்ளைகள் எல்லோருக்கும் முதலாளியம்மா சுடச்சுடப் பிரியாணி போட்டார். நான் அவரிடம் போய், "மன்னிச்சுக்கோங்கக்கா, வாய் தவறிடுச்சு" என்றேன். "அட, வுடும்மா. பாடினியே, அது போதும்" என்று என் தட்டிலும் ஒரு கரண்டி வைத்தார்.

அந்தச் சிறுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவள் வாய் நிறையச் சோற்றோடு, "பரவால்லக்கா. ஆனா ரெண்டாவது சரணத்தை வீட்ல போயி படிச்சிக்கோங்க" என்றாள்.

ஊருக்கு வந்த விருந்தாளி எழுந்துகொண்ட இடத்தில் உள்ளூர்க்காரி நான் உட்கார்ந்தே இருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான், எந்த ஓட்டலிலாவது யாராவது வந்து "கொஞ்சம் தள்ளிக்கலாமா?" என்று கேட்டால், ஏன் எதற்கு என்று வாய் திறப்பதற்குள் எழுந்து நின்றுவிடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.