மனைவியின் கையெழுத்தை வேர்ட்டாக்கியவன்

என் மனைவி கொக்குவிலில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறாள். நான் கொடிகாமம் சந்தையில் மரக்கறி வாங்கிக் கொழும்புக்கு லொறி ஏற்றுகிறவன். அவள் பல வருடமாகக் கையால் எழுதிச் சேர்த்த பாடக் குறிப்புகளைப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டாள். எல்லாவற்றையும் தட்டச்சுச் செய்ய நேரமில்லை. தாள்களைப் படம் எடுத்தால், அதிலிருக்கிற எழுத்தைக் கணினியே வாசித்து, திருத்தக்கூடிய மாதிரி வேர்ட்டில் தந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

படம் எடுக்கிற வேலை என்னுடையது. மச்சானின் கமராவை வாங்கி வந்து, ஒரு ஞாயிறு முழுக்க யன்னலோரம் தாள்களை விரித்து, நிழல் விழாமல் ஒவ்வொன்றாக எடுத்தேன். அவள் தேத்தண்ணியோடு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கணினியில் போட்டால் ஒரு படமும் திறக்கவில்லை. கமரா எல்லாவற்றையும் 'றோ' என்கிற, பதப்படுத்தாத மூலப் படமாக எடுத்து வைத்திருக்கிறது. எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

"கவலைப்படாதேங்கோ. என்னோடை ஒண்டாப் படிச்ச பட்ச்காரன் ஒருத்தன் இஞ்சை திருநெல்வேலியிலை, யாழ்ப்பாணக் கம்பஸிலை படிப்பிக்கிறான். அவனுக்கு உது சின்ன வேலை," என்றாள்.

உண்மையிலேயே சின்ன வேலையாகத்தான் இருந்தது. படங்களை மாற்றி, வெளிச்சம் கூட்டி, எழுத்தைப் பிரித்து, ஒவ்வொரு பாடமாக வேர்ட் பைலில் அனுப்பினான். பின்னேரங்களில் அழைப்பும் வரும். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் திருத்துவாள்.

"உன்ரை ழவும் ளவும் ஒரே மாதிரிக் கிடக்கு. கணினிக்கு விசர் பிடிக்கப்போகுது!"

"நீ மட்டும் பெரிய திறமோ? உன்ரை நோட்ஸ் நீயே வாசிக்கமாட்டாய்!"

நீ. எங்களுடையது பேசிச் செய்த கலியாணம். நான் அவளை நீர் என்பேன், அவள் என்னை நீங்கள் என்பாள். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுக்குள் அந்த 'நீ' வந்ததில்லை.

ஒருநாள் பைலைத் திறந்தபடி விட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். ஒரு வரியின் ஓரத்தில் அவன் குறிப்பு எழுதியிருந்தான்: 'இது நீ லாப்பில் சொன்ன பகிடி. சிரிச்சதுக்கு சேர் எங்களை வெளியிலை விட்டவர்.' அதன் கீழே அவள்: 'அதை மறக்கேலுமோ!'

எந்த ஆய்வுகூடம், என்ன பகிடி? அவள் அப்படிச் சிரித்த காலத்தில் நான் எங்கேயோ வெங்காய மூட்டை தூக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

நானே பழகுவதென்று முடிவெடுத்தேன். சந்தையில் லொறிக்குக் காத்திருந்த நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்தேன். மிச்சமிருந்த குருதிச் சுற்றோட்டப் பாடத்தில் ஒரு பக்கத்தைப் பாடுபட்டு வேர்ட்டாக்கி அவளிடம் காட்டினேன். அவள் சத்தமாக வாசித்தாள்.

"குருவி இதயத்திலிருந்து நாடிகளின் வழியே உடல் முழுவதும் பாயும்."

பிறகு கண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான் தாளை இழுத்துக் காட்டினேன்.

"குருதி எண்டுதான் எழுதினீர். எனக்குத் தெரியும். உந்தக் கணினிதான் குருவியெண்டு வாசிச்சுப்போட்டுது."

"ஓம், ஓம். இதிலை இருங்கோ. நீங்கள் தாளைப் பாத்து வாசியுங்கோ, நான் திருத்திறன்."

நடுவில் அவனுடைய அழைப்பு வந்தது. "நாளைக்குக் கதைக்கிறன்," என்று வைத்துவிட்டாள். நான் குரலை உயர்த்தி அடுத்த வரியை வாசித்தேன்.

புத்தக வெளியீட்டுக்கு அவன் வந்தான். மொட்டையும் தொந்தியுமாக இருப்பான் என்று நம்பியிருந்தேன். தலை நிறைய முடி. நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணை, நீங்கள் வெளிச்சம் பாத்து எடுத்தபடியாத்தான் எழுத்து வடிவா வந்தது. அடுத்த பதிப்புக்கும் படங்களை எனக்கே அனுப்புங்கோ."

நல்ல மனிசன். அதுதான் இன்னும் கூட எரிந்தது.

"இல்லைத் தம்பி, இனி நாங்களே செய்வம்."

வீட்டுக்கு வரும்போது மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து கேட்டாள்.

"ஏன் அவனோடை அப்பிடி வெட்டிக் கதைச்சனீங்கள்?"

"சும்மாதான்."

"பொறாமையோ?"

"ஓம்," என்றேன்.

அடுத்த கிழமை அவன் அழைத்தபோது, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திவிட்டுத்தான் போனை எடுத்தாள். இருந்தேன். அவர்கள் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன், என்ன பகிடியென்று விளங்காமலே.