ரேஞ்சுக்குத் தமிழ் கேட்டவர்

இண்டைக்குக் கிண்ணியா பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கம்பஸில் படிக்கிற பிள்ளை பதிவு செய்ய ஃபோனை நீட்டினா.

"அங்கிள், ரேஞ்ச் எண்டதுக்கு நீங்கள் என்ன தமிழ் சொல்லுவீங்கள்? சொல் சேர்க்கிறன்."

"ஆர் பிள்ளை கேக்கச் சொன்னது?" எண்டன்.

எழுபதுகளில், கிண்ணியாப் பாலம் வரமுன்னம், இந்தக் கடல்வாயை, 'பாதை' எண்டு நாங்கள் சொல்லுற மிதவையில்தான் கடப்பம். ஒருநாள் அதில் கொப்பியோட ஏறின வெளியூர் மனிசன் ஒருத்தரும் இதைத்தான் கேட்டார். விளக்கமும் தந்தார். பிரெஞ்சில இருந்து வந்த சொல்லாம். முதலில் ஆக்கள் நிரையாக நிக்கிறதாம், பிறகு மலைத்தொடராம், பிறகு ஒண்டு எட்டக்கூடிய தூரமாம்.

வலையோட நிண்ட மீன்பிடிக்காரர், "நாங்கள் வீச்சு எண்டுவம்" எண்டார். மனிசன் சந்தோசமா எழுதினார்.

"பீரங்கிக்கும் அப்பிடித்தான் சொல்லுவீங்களோ?"

அதோட எல்லாரும் அவரை விட்டு விலகி நிண்டினம். கடற்படை முகாமுக்குப் பக்கத்தில கேக்கிற கேள்வியே அது?

கரை தட்டினதும் ஆரோ ஓடிப்போய்ப் பொலிசில சொல்லிப்போட்டினம். அந்த மனிசனை மூண்டு நாள் உள்ளுக்கு வைச்சிருந்தவங்கள். அகராதி எழுதுற வாத்தியார் எண்டு பிறகுதான் தெரிஞ்சது. கொப்பி மட்டும் திரும்பி வரேல்லை.

அந்தப் பிள்ளைக்கு "தெரியாது" எண்டு சொல்லிப்போட்டு ஜன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு வந்தனான். உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களே சொல்லிக் குடுங்கோ.

காட்டிக் குடுத்தது ஆரெண்டு அந்த நாளில ஊரே விசாரிச்சது. ஒண்டும் தெரியாதவன் மாதிரி நானும் சேர்ந்துதான் விசாரிச்சனான்.