ஒத்திகையில் விதைத்த உளுந்து

டிங்... டிங்... டிங்டிங்...

போன வாரம், தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகும் பஸ்ஸில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது. அவசரமாக எடுத்துப் பார்த்தார்கள். ஏதோ தள்ளுபடி விளம்பரம். முணுமுணுத்துவிட்டுத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார்கள்.

நான் மட்டும் போனைத் திரும்ப வைக்கவில்லை. அந்தச் சத்தம் என்னைக் கடந்த தை மாதத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

ஸ்டெல்லா என் சித்தி மகள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். இப்போது திருக்காட்டுப்பள்ளியில் வீட்டிலிருந்தபடியே வேலை. அறுவடை வண்டி வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறாள். விவசாயி தன் வயலைப் பதிந்துவிட்டால் போதும், வண்டி வரும் தேதி மெசேஜாகப் போய்விடும். அறுப்பு நேரத்தில் ஒரு வண்டிக்கு எத்தனை கைகள் நீளும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த மெசேஜின் அருமை தெரியும்.

அன்று நான் போனபோது அவள் ஒரு புது வசதியைச் சோதித்துக்கொண்டிருந்தாள். மழை வந்தால் எல்லாருடைய தேதியையும் மொத்தமாகத் தள்ளிப்போட வேண்டும். வெயில் அடித்தால் முன்னே இழுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பட்டன்.

"ஓடுற சைட்ல கை வைக்கவே மாட்டேண்ணே. அச்சு அசலா ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன். உடைக்கிறது, ஒட்டுறது எல்லாம் அதுலதான். சரியா வந்தாத்தான் இதுக்குக் கொண்டு வருவேன்."

"புடவையை ஓரத்துல நனைச்சு, சாயம் போகுதான்னு பாக்குற மாதிரி?"

"அதேதான்!"

பட்டனை அமுக்கினாள். திரையில் தேதிகள் வரிசையாக நகர்ந்தன – நாரைக்கூட்டம் ஒரு வயலைவிட்டு அடுத்த வயலில் இறங்குவதுபோல. ஒன்றும் புரியவில்லை. ஆனால், அழகாக இருந்தது.

அப்போதுதான், எதிர் டீக்கடையில் ஒரு டிங். தெருவில் போன பைக்கில் இன்னொரு டிங். பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஒன்று...

ஸ்டெல்லாவின் முகம் வெளிறியது.

"அண்ணே... காப்பியில நம்பரை மாத்தல."

காப்பி அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவள், விவசாயிகளின் போன் நம்பர்களையும் அப்படியே விட்டுவிட்டாள். நாடக ஒத்திகையில் கத்தி அட்டையாக அல்லவா இருக்க வேண்டும்? நிஜத்தைப் போலவே இருக்க வேண்டும், ஆனால் நிஜத்தைத் தொட்டுவிடக் கூடாது – எவ்வளவு கஷ்டமான காரியம்! விளையாட்டுச் சொல் நிஜமாகத் தைத்துவிட, நம் பிரியங்களே இந்த இடத்தில்தானே வழுக்கி விழுகின்றன...

'முன்பு வந்தது சோதனைச் செய்தி. பழைய தேதியே சரி' என்று உடனே அனுப்பினாள். அதோடு விடவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்; முடிய இரண்டு மணி நேரம் ஆனது. சிலர் சிரித்தார்கள். சிலர் வைதார்கள். ஒருவன் மட்டும் எடுக்கவே இல்லை. செல்வராஜ்.

ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டோம். வாய்க்கால் ஓரமாகப் போய் இறங்கினால், செல்வராஜ் கதிருக்குள்ளிருந்து வெளியே வருகிறான். இடுப்பில் கூடை. காலியான கூடை. போன், பைக் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

"வாங்கக்கா! மெசேஜ் பாத்தேன். நாளை மறுநாளே வண்டின்னு வந்துச்சு. மண்ணும் மெழுகு பதத்துல இருந்துச்சா... உளுந்தைத் தெளிச்சு முடிச்சுட்டேன்."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் உளுந்துக்கென்று தனியாக உழுவதில்லை. நெல் நிற்கும்போதே, வயலின் ஈரம் காய்வதற்குள் கதிருக்குள் தெளித்துவிடுவோம். நெல் போனதும் உளுந்து எழும்பும். ஆனால், வண்டி அறுப்பு என்றால் வண்டி வருவதற்குச் சற்று முன்னால்தான் தெளிக்க வேண்டும். முந்திவிட்டால், முளைத்த குருத்தெல்லாம் வண்டியின் பெல்ட்டுக்கு அடியில் கூழாகிவிடும்.

செல்வராஜின் அம்மா ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அவன் குத்தகைக்கு நிலம் எடுத்து, தனக்கென்று செய்யும் முதல் வெள்ளாமை இது. விதை முழுவதும் மண்ணில். வண்டியோ அடுத்த வாரம்.

"தம்பி... அந்த மெசேஜ் நிஜமில்ல. நான் சோதிச்சுப் பாத்தது. தப்பா உனக்கு வந்துருச்சு."

அவன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னக்கா இது... கொத்திப் பொறுக்க நான் என்ன கோழியா?"

சிரிக்கவா, அழவா? ஸ்டெல்லா அழுதாள்.

"கதிர் முத்திருச்சா?" என்றேன் நான்.

"முத்துனதுதாண்ணே. அறுக்கலாம். வண்டிக்கு எங்க போறது?"

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிச்சமிருந்தது ஒரே வழி – பொய்யாகப் போன செய்தியை மெய்யாக்குவது. நாளை மறுநாள் முறை உண்மையில் மரியதாஸுடையது. இரண்டு வயல் தள்ளி இருப்பவர். கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"ஏம்மா, உன் கம்ப்யூட்டர் ஒளறுனதுக்கு என் நெல்லு காத்துக் கெடக்கணுமா?" ஸ்பீக்கர் அதிர்ந்தது. "வானம் வேற மூடிக்கிட்டு வருது, பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் மாமா. கேக்கவே கூசுது."

எதிர்முனையில் குரல் இறங்கியது: "பய முழுசாத் தெளிச்சுட்டானா?"

"முழுசா."

"ஒருத்தன் விதைச்சுட்டான்னா அப்புறம் என்னத்தப் பேசுறது... சரி, அவனுக்கே முதல்ல போகட்டும். ஆனா, அங்கேருந்து நேரா என் வயல்ல எறங்கணும். டிரைவர் டீ குடிக்கப் போயிட்டான்னு கதை சொல்லக் கூடாது!"

விவசாயிக்கு ஏது காப்பி? வானம் ஒத்திகை பார்த்துவிட்டா பெய்கிறது? விதைத்தது விதைத்ததுதான். எல்லாமே அசல். அந்தப் பிழைப்பில் இருக்கிற ஒருவர், மூடிக்கொண்டு வரும் வானத்துக்கு அடியில் தன் நாளைத் தூக்கி இன்னொருவனுக்குக் கொடுக்கிறார். இதைச் செய்ய எந்த பட்டன் இருக்கிறது?

வண்டி வந்த அன்று நானும் போயிருந்தேன். மேகம் மிரட்டியது, நாலு தூறலோடு கோடியக்கரைப் பக்கமாக நகர்ந்துவிட்டது. செல்வராஜின் வயலை முடித்த வண்டி, வரப்போடு வரப்பாக மரியதாஸ் வயலில் இறங்கியது. டிரைவருக்கு டீ வயலுக்கே வந்தது – கொண்டுவந்தவள் ஸ்டெல்லா.

கிளம்பும்போது அவள் சொன்னாள். "இனிமே காப்பியில யார் நம்பரும் இருக்காது தம்பி. எல்லா இடத்துலயும் என் நம்பர்தான்."

செல்வராஜ் யோசித்தான். "உங்களுது பெரிய போனுக்கா. என் போன்ல கடைசி வரி தெரியவே தெரியாது. அதை நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க? என் நம்பரும் இருக்கட்டும்."

ஸ்டெல்லா தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். அவன் பின்னாலிருந்து கத்தினான்:

"அக்கா... ஆனா முதல் வரியிலயே 'சும்மா'ன்னு போட்டுருங்க!"