சுவருக்குத் திரும்பிய கூரைத் தண்ணீர்

அல்சூரில் எங்கள் மாடியறையின் பலகைக் கூரைமேல் மகன் ஒரு மேஸ்திரியை வைத்துத் தார் ஓடு ஒட்டச் செய்தான். அது அட்டைபோல வளையும். விளிம்பில் வெளியே நீளாமல் பலகையோடு சமமாக நறுக்கியதால் பார்க்க அழகாக இருந்தது.

முதல் மழையிலேயே உள்சுவர் நனைந்தது. சுவிட்சைத் தொட்ட மருமகளுக்கு ஷாக் அடித்தது. நல்லவேளை, கையை உதறிவிட்டாள். உடனே மெயினை அணைத்தோம். ஓட்டில் எங்குமே கிழிசல் இல்லை. பின் தண்ணீர் எப்படி வந்தது? எனக்கு அதே யோசனை.

மறுநாள் மழையில் குடை பிடித்து அண்ணாந்து பார்த்தேன். பாத்திரத்திலிருந்து மெதுவாகப் பால் ஊற்றினால் அடியில் வழியுமே, அதுபோல விளிம்புத் தண்ணீர் சொட்டாமல் பலகையின் அடியில் ஒட்டிக்கொண்டே சுவருக்குப் போனது.

மேஸ்திரியிடம் சொல்ல எனக்குக் கூச்சம். மருமகளே அவரிடம் சொன்னாள்.

"மழையில நின்னு பாத்தீங்களாம்மா? ஜுரம் வந்தா என்னைத் திட்டாதீங்க" என்று சிரித்தபடி ஏணியில் ஏறிய மேஸ்திரி, "ஆமாம்மா, விளிம்பை வெளிய நீட்டி விட்டிருக்கணும்" என்றார். விளிம்பிலுள்ள முதல் வரிசை ஓட்டுக்கு அடியில் ஒரு பட்டை ஒட்டி, பலகைக்கு வெளியே இரண்டு விரல் அகலம் நீட்டிவிட்டார். அடுத்த மழையில் தண்ணீர் நேரே தரையில் விழுந்தது.

இப்போதெல்லாம் முதல் மழைக்கு எல்லோரும் உள்ளே ஓட, நான் குடையோடு வெளியே போகிறேன். தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகுதான் யாரையும் சுவிட்சில் கைவைக்க விடுகிறேன்.