பூச்சி அக்காவின் விண்ணப்பம்

செய்தி வந்தபோது மணி பதினொன்று நாற்பது. அலுவலகக் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தாள் சுருள். மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. சனிக்கிழமைக் குழுவிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள்: "பூச்சி அக்கா போயிட்டாங்க. காலைல துணி காயப்போடும்போது விழுந்தாங்க. தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருச்சாம்."

படித்துவிட்டு, "ம், அடுத்த ஸ்லைடு காட்டுங்க" என்றாள் சுருள். திரையில் அடுத்தது வந்தது. அதையும் பார்த்தாள். அதற்கும் அடுத்தது வந்தபோதுதான் எழுந்து வெளியே போனாள்.

பூச்சி என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. மென்பொருளில் ஒளிந்து கிடக்கும் பிழைகளை, அவர்கள் பாஷையில் பூச்சிகளை, பொறுக்கி எடுப்பது அக்காவின் தொழில். பெயர் கேட்கும் இடத்தில் கைப்பேசி எண்ணைப் போடுவாள். பிறந்த தேதியில் நாளைய தேதியைப் போடுவாள். செயலி திருதிருவென்று விழிக்கும். "நாளைக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கு இன்னிக்கே டிக்கெட் குடுத்துட்டான் பாரு!" என்று நாற்காலி அதிரச் சிரிப்பாள். எழுதியவன் முகம் சுண்டிப்போகும். அந்த அலுவலகம் வைத்த பெயர்தான் பூச்சி. அவளும் அதை விருது மாதிரி சுமந்துகொண்டு திரிந்தாள்.

ஒன்பது வருடம் அப்படி ஓடியது. இரண்டாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது மாமனார் படுத்த படுக்கையானார். யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது. அந்த ஒருவர் யார் என்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. பேசாமலே முடிவாகிவிட்டது.

மாமனார் காலமாகி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் அக்கா மறுபடி வேலை தேடினாள். எல்லா இடத்திலும் வேலையில்லாத வருடங்களைப் பற்றி ஒரே கேள்வி, போய்வரச் சொல்லும் ஒரே கையசைப்பு. தன்னைப்போல் வீட்டோடு நின்றுபோன பெண்கள் தன் குடியிருப்புத் தெருக்களிலேயே எத்தனை பேர் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். குடியிருப்போர் சங்கத்தை நச்சரித்து, நூலகத்தின் மாடியறையைச் சனிக்கிழமை மாலைகளுக்கு வாங்கினாள். அறையில் ஒரே ஒரு பிளக். வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்தாள். எழுத்துகள் கழன்ற விசைப்பலகைகளோடு ஏழெட்டுப் பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

சுருள் அங்கே போய்ச் சேர்ந்தது ஐந்து வருடம் முன்பு. அவளுடைய சுருட்டை முடியைப் பார்த்த கணத்தில் அக்கா சுருள் என்று பெயர் வைத்துவிட்டாள். முதல் நாளே ஒத்திகை இன்டர்வியூ.

"இந்த நாலு வருஷம் என்ன பண்ணீங்க?"

"சும்மா வீட்டுலதான் இருந்தேன்."

அக்கா மேசையில் ஒரு தட்டு தட்டினாள். "சும்மாவா? எந்திரி. வெளிய போயிட்டு மறுபடி உள்ள வா."

சுருள் போனாள், வந்தாள், மறுபடி சும்மா என்றாள். மூன்று முறை வெளியே அனுப்பப்பட்டாள். மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களும் வெளியே நின்றுவிட்டு வந்தவர்கள்தான். நான்காவது முறை, "குழந்தைய வளர்த்தேன். அது தூங்குன நேரத்துல ரெண்டு கோர்ஸ் முடிச்சேன்" என்றாள்.

"இப்ப சரி. ஆனா தலைய ஏன்டி தொங்கப்போடுற? எதையாவது திருடிட்டு வந்தியா?"

அக்காவிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. உள்ளே வேலை பார்க்கும் ஒருவர் பெயரைப் பரிந்துரைக்கும்வரை யாரும் ஆன்லைனில் விண்ணப்பம் போடக் கூடாது. ஆன்லைனில் போட்டால் முதலில் பார்ப்பது இயந்திரம். வேலையில்லாத வருடங்களின் இடைவெளியைக் கண்டதும் அது தள்ளிவிடும். ஒருமுறை தள்ளிவிட்டால் ஆறு மாதத்துக்கு யார் பரிந்துரைத்தாலும் செல்லாது. "கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி நீங்களே பூட்டிட்டு நிக்காதீங்க" என்பாள்.

அந்த விதியால் பதினோரு பெண்கள் வேலைக்குப் போனார்கள். சுருளுக்காக அக்கா தன் பழைய சகா ஒருவனை ஒரு மாதம் விடாமல் துரத்தினாள். சங்கம் ஆண்டுவிழாவில் 'தொழில்நுட்பத்தில் நம் பெண்கள்' என்று பெரிய பேனர் கட்டியது. மேடையில் எட்டு நாற்காலி, எட்டிலும் ஆண்கள். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அக்காவை ஏற்றினார்கள். "ஹலோ, ஹலோ" என்றாள். அந்த மேடையில் அவள் பேசியது அவ்வளவுதான்.

அக்காவின் பெயரை அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியும் எங்கேயும் வேலைக்குப் பரிந்துரைக்கவில்லை. அவள் சொல்வாள் என்று இவள், இவள் சொல்வாள் என்று அவள். "அக்காவும் வேலைக்குப் போயிட்டா நம்ம சனிக்கிழமை என்னாகுறது?" என்று ஒருத்தி ஒருநாள் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சுருளும் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள்.

போன மாதம் முதன்முறையாக அக்காவே போனில் வாய்விட்டுக் கேட்டாள்.

"உன் டீம்ல டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்குறீங்களாமே. என் பேரைச் சொல்றியாடி?"

"இதெல்லாம் கேக்கணுமாக்கா? நீங்க ஆன்லைன்ல போட்டுடுங்க. உள்ள நான் பார்த்துக்கறேன்."

"போட்டா சிக்கல் ஒண்ணும் வராதே?"

"என் டீம்க்கா. நான் இருக்கேன்ல."

பரிந்துரைப் படிவத்தை நிரப்பக் கால்மணி நேரம் ஆகும். சுருளுக்கு அப்போது ஒரு கூட்டம் இருந்தது. ஆன்லைனில் போடச் சொன்னதற்குக் காரணம் இவ்வளவே. அக்கா தன் விதியைத் தானே மீறி விண்ணப்பம் போட்டாள். நான்கு நிமிடத்தில் வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நிராகரிக்கலாம் என்று போன வருடம் எல்லா மேலாளர்களிடமும் ஒப்புதல் கேட்டிருந்தார்கள். நாற்பது விஷயங்களோடு விஷயமாக அதற்கும் 'சரி' என்று அழுத்தியவர்களில் சுருளும் ஒருத்தி.

அக்கா அந்த மின்னஞ்சலைச் சுருளுக்கு அனுப்பி, கீழே எழுதியிருந்தாள்: "நாலே நிமிஷம்டி. நான் பிடிச்ச பூச்சியைக்கூட இவ்ளோ வேகமா யாரும் தூக்கிப் போட்டதில்ல."

சுருள் பதறிப்போய் ஆளெடுப்புப் பிரிவில் கேட்டாள். "விதிவிலக்கு வாங்கலாம் மேடம். படிவத்துல காரணம் மூணு வரி எழுதுங்க, போதும். மூணு வாரம் டைம் இருக்கு" என்றார் அங்கிருந்த அதிகாரி.

அன்றே படிவத்தைத் திறந்தாள். இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதையும் காரணத்திலேயே எழுதச் சொல்லியிருந்தது. படிவம் அவளுடைய இயக்குநருக்கும் போகும். டீமில் அவளுக்குக் கீழே ஒன்பது பேர். நூலக மாடியில் மூன்று முறை வெளியே அனுப்பப்பட்டு, பேசக் கற்றுக்கொண்டு வந்தவள் அவள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடினாள். மறுநாளும் அதேதான்.

இரண்டாவது வாரம் அக்கா ஒரே ஒருமுறை கேட்டாள். "படிவம் போட்டுட்டியா?"

"போட்டாச்சுக்கா."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இன்று மாலை போட்டுவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த மாலையும் போனது.

செய்தி வந்த அன்று அக்கா வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சனிக்கிழமைப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் கணவர் சுருளைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வாம்மா. நேத்துகூட உன் பேச்சுதான். பரிந்துரை எழுதிக் குடுத்திருக்காளாம், இந்தத் தடவை கெடச்சிரும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு இருந்தா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னம்மா எழுதுன அவளைப் பத்தி?"

சுவரோரம் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"நல்லாத்தாண்ணா எழுதியிருக்கேன்" என்றாள் சுருள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

படிவத்துக்கான மூன்று வாரக் கெடு முடிய அப்போது இரண்டு நாள் மிச்சமிருந்தது. படிவம் இன்னும் அனுப்பப்படாதவை வரிசையில் இருக்கிறது. விண்ணப்பதாரரின் பெயர், எண், பதவி எல்லாம் நிரப்பியிருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் 'இவர் எனக்கு' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன.