கிளட்ச் மேல் விழுந்த பழி

எண்ணெய்க் கையோடு கிளட்ச் பிளேட்டைத் தொட்டுவிட்டேன் என்று என்மேல் பழி போட்டார்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில், சேலம் ரோட்டில் ஒரு லாரிப் பட்டறையில் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் எட்டாவதிலேயே ஒத்துப்போகவில்லை. மற்றவர்கள் கழற்றிப் போட்டதை ஏழு வருஷம் டீசலில் கழுவிய பிறகுதான், கடத்தூர்க்காரர் ஒருவரின் லாரிக்குத் தனியாகக் கிளட்ச் மாற்ற மேஸ்திரி என்னை விட்டார். மாற்றினேன். இருபது நாள் நன்றாக ஓடியது. அடுத்த நாள் காலை அதே லாரி ஊர்ந்து வந்து பட்டறையில் நின்றது. டிரைவர் இறங்கினார். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் அந்தக் கடத்தூர் லாரிக்காரர்.

“தொப்பூர் மேட்டுல ஏறவே மாட்டேங்குது மேஸ்திரி. பாதி உரமூட்டைய வேற வண்டிக்கு மாத்தி உட்டுட்டு வரேன். இவன் கையில குடுத்தீங்க பாருங்க!”

மேஸ்திரி வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எங்கள் பட்டறையில் அதுதான் வழக்கம். கடைசியாக எவன் கை வைத்தானோ அவன் குற்றவாளி. வண்டியை யாரும் விசாரிப்பதில்லை.

“எண்ணெய்க் கையோட பிளேட்ட தொட்டியாடா?”

“தொடச்சிட்டுத்தாங்க தொட்டேன். உங்க கை மாதிரியா என் கை?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“உனக்கு வாய் நல்லா புடிக்குது, பிளேட்டுதான் புடிக்கல. கியர் பாக்ஸ எறக்கி பிளேட்ட வெளிய எடு. நாளையிலேர்ந்து டீசல் தட்டுக்கே போ.”

ஏழு வருஷம்! இன்ஜினைக்கூட ஸ்டார்ட் செய்து பார்க்காமல் ஒரே வாக்கியத்தில் போயிற்று. நான் நேராக டிரைவரிடம் போனேன்.

“அண்ணே, மேட்டுல இன்ஜின் கத்துச்சா, முக்குச்சா?”

“முக்குச்சுப்பா. எவ்ளோ மிதிச்சாலும் மேல எழும்பல.”

எண்ணெய் பட்டுக் கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சும்மா கத்தும், சக்கரம் மட்டும் சுற்றாது. இங்கே இன்ஜினுக்கே மூச்சு இல்லை. சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நாலாவது கியரில் தள்ளிக் கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அணைந்தது. மூன்று முறையும் அப்படித்தான்.

“பாருங்க மேஸ்திரி, புடிக்குது! வழுக்குற பிளேட்டா இருந்தா இன்ஜின் இப்பிடி சாவுமா?”

“எனக்கே சொல்லிக் குடுக்கிறியா? எறக்குடா.”

நான் இறக்கவில்லை. டிரைவரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு சைலன்சர் வாயில் கையை நீட்டினேன். சூடான சோற்றை ஊதுகிற அளவுக்குக்கூடக் காற்று வரவில்லை. கீழே படுத்துப் பார்த்தால், சைலன்சர் வயிற்றில் சாண் நீளத்துக்குப் புது வெல்டிங்.

“இது எப்ப வெச்சது?”

டிரைவர் லாரிக்காரரைப் பார்த்தார். லாரிக்காரர் தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

சைலன்சரைக் கழற்றிவிட்டு, மிச்ச உரமூட்டையோடு பக்கத்து மேட்டில் ஓட்டச் சொன்னேன். தெருவே அதிர, வண்டி குதித்துக்கொண்டு ஏறியது. திரும்பி வந்ததும் வெல்டிங்கை வெட்டிப் பிரித்தோம். உள்ளே லேத்தில் சீவிய இரும்புச் சுருள், கூடை கணக்கில்! டீசல் கரி படிந்து களிமண்ணாய் இறுகியிருந்தது. அதற்குப் பிறகுதான் டிரைவர் வாயைத் திறந்தார். கிளட்ச் மாற்றிப் போன பிறகு சைலன்சர் உள்ளே இற்றுப்போய் சத்தம் போட்டதாம். லாரிக்காரருக்குப் பக்கத்து வூட்டுக் கிளார்க்கு விடியற்காலையில் சண்டைக்கு வந்தாராம். புதுசு வாங்காமல், ஒரு டிங்கரிடம் சுருளைத் திணித்து மூடச் சொன்னாராம் லாரிக்காரர். யாரிடமும் சொல்லாதே என்றாராம்.

தெரிந்துகொண்டே என்னைக் காட்டினார் அந்த மனுஷன்!

“அதுக்கும் மேடு ஏறாததுக்கும் என்னாப்பா சம்பந்தம்?” என்றார் லாரிக்காரர்.

“வாயையும் மூக்கையும் துணி வெச்சு அடைச்சிட்டு, தீர்த்தமலை ஏறுங்கன்னா ஏறுவீங்களாங்க?”

மேஸ்திரி சத்தமாகச் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார் பாருங்கள்: “எனக்கு மொதல்லயே சந்தேகந்தாங்க.”

கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டேன்.

“சந்தேகம்னா கியர் பாக்ஸ எதுக்குங்க எறக்கச் சொன்னீங்க? யாரு கண்டுபுடிச்சதுன்னு இவரு முன்னால சொல்லுங்க. இல்லன்னா சைலன்சர நீங்களே மாட்டிக்குங்க.”

மேஸ்திரி வெகுநேரம் கையைத் துடைத்தார்.

“பையன்தாங்க பாத்தான். பிளேட்டும் சரியாத்தான் போட்டிருக்கான்.”

பையனாம்! இருபத்தொரு வயசு, மீசை வேறு. லாரிக்காரர் என் பக்கம் திரும்பாமலே தலையை ஆட்டினார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை? கிடையாது.

மறுநாள் இன்னொரு லாரி கிளட்ச் மாற்ற வந்தது. மேஸ்திரி தாடையால் என்னைக் காட்டினார். நான் அடியில் நுழைவதற்கு முன்னால், பட்டறை முழுக்கக் கேட்கும்படி அந்த வண்டிக்காரரிடம் கேட்டேன்:

“சைலன்சர்ல எதையாச்சும் திணிச்சு வெச்சிருக்கீங்களாங்க? இப்பவே சொல்லிடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் இல்லையென்று சொல்கிறவரை ஸ்பேனரைத் தொடவும் இல்லை.