ரோலியின் டிஷ்ஷும் பன்னிரண்டே முக்கால் மணியும்

தண்ணீர் வந்தபோது வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. மழை பெய்தது பத்து நாளைக்கு முன்னால், வடக்கே அறுநூறு கிலோமீட்டர் தள்ளி. அது கூப்பர் ஆற்றின் கிளைகளிலெல்லாம் இறங்கி, ஆள் நடக்கிற வேகத்தில், சத்தமே இல்லாமல் வந்து சேர்ந்தது. முன்னால் நுரை, நுரைக்கு முன்னால் சுள்ளி, சுள்ளிக்கு முன்னால் எறும்பும் சிலந்தியும். புதன்கிழமை காலை நான் கண்விழித்தபோது நாங்கள் முகாம் போட்டிருந்த மணல்மேடு ஒரு தீவாகியிருந்தது. சுற்றிலும் வானம் தரையில் கிடந்தது. சாலையை மட்டம்செய்யும் என் கிரேடர் அதில் மஞ்சளாகத் தலைகீழாய் நின்றது. நான்கு கூழைக்கடாக்கள், யாரோ மெல்லத் தள்ளிவிட்டதுபோல நகர்ந்துகொண்டிருந்தன.

"போச்சு" என்றான் ரோலி. கையில் ரேஸர், பாதி முகத்தில் சோப்பு. அன்று மத்தியானம் அவன் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு, போவன் என்கிற ஊரின் கடற்கரையில் அவன் மகள் பிரானுக்குக் கல்யாணம்.

"மிச்சப் பாதியையும் வழிச்சிடுய்யா" என்றேன். "கூழைக்கடாவாவது பாக்கட்டும்."

"வாய மூடு கிளென்" என்றான். சோப்பைத் துடைத்துக்கொண்டான். அந்தப் பாதி மழித்த முகத்தோடே மூன்று நாள் திரிந்தான்.

ரோலண்ட் பிக்கெட்டுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருஷமாகச் சாலைக் கூட்டத்தில் மெக்கானிக். வின்டோராவைச் சுற்றியுள்ள மண்சாலைகளைச் சீர்பண்ண நான் கிரேடர் ஓட்டுகிறேன். எது உடைந்தாலும் அவன் ஒட்டவைப்பான். நாலு நாளைக்கு ஒருமுறை முகாம் முன்னே நகரும். நான் தூங்குகிற தகரக் கூண்டைக் கிரேடர் இழுத்துக்கொண்டு வரும். அவன் வீடு, கேம்பர் என்பார்கள், அவன் லாரியின் முதுகில் இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மேஜை. மழைக்கு ஒழுகும் கூரை.

அவன் பேச்சு குறைவு. என்ஜினிடம் பேசுவான், மனிதர்களிடம் சுருக்கம். பிரான் பிறந்தபோது அவன் டையமன்டினா ஆற்றுக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்தில் அவள் பரிசு வாங்கியபோது ஒரு பாலம் போய்விட்டது. அவளுக்கு இருபத்தோரு வயது நிறைந்த விருந்தன்று லாரி அச்சுவரை சேற்றில் நின்றது. ஒவ்வொரு தடவையும் காரணம் உண்மை. ஒன்றுகூடப் பொய்யில்லை. அதனாலேயே அவளால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. அவள் அம்மா வெகுநாள் பொறுத்திருந்துவிட்டுத் தன் வழியைப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன் பிரானுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. ரோலிக்குச் செய்தி கிடைத்தது பதினோரு நாள் கழித்து, பெட்ரோல் போடுகிற இடத்தில், ஒரு துண்டுச் சீட்டில். அந்த மாதமே அவன் செயற்கைக்கோள் டிஷ் வாங்கினான். பேசவும் முகம் பார்க்கவும் முடிகிற வகை.

முதலில் அதைக் கேம்பரின் கூரையில் திருகினான். மெல்லிய தகரம், முதல் காற்றிலேயே நெளிந்தது. நான் சிரித்தேன். அவன் அதைக் கழற்றினான். தேய்ந்துபோன கிரேடர் பிளேடு ஒன்றை அறுத்து, லாரியின் சட்டத்தோடு சேர்த்து வெல்டு வைத்தான். அதன்மேல் பழைய ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தினான். குழாய் இரண்டு பக்கமும் நேராக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டிஷ்ஷை ஏற்றினான். காந்த ஊசியை லாரிக்குப் பக்கத்தில் பார்த்தால் இரும்பு அதை ஏமாற்றிவிடும் என்று இருபது தப்படி தள்ளிப்போய்ப் பார்ப்பான். வடக்கே, கொஞ்சம் மேற்கே. பிறகு லாரியின் அடியில் நாலு மூலைக்கும் முட்டுக் கொடுப்பான். இல்லாவிட்டால் உள்ளே ஒருவன் தேநீர் எடுக்க எழுந்தாலே டிஷ் வானத்தை விட்டுவிடும்.

அதன்பிறகு என் வேலை. நான் உள்ளே உட்கார்ந்து, திரையில் சிக்னல் ஏறுவதைப் பார்த்துக் கத்த வேண்டும்.

"ஏறுது... ஏறுது... இன்னும் ஒரு மயிரிழை... நில்லு! தாண்டிட்டய்யா!"

"தாண்டலடா. நீ லேட்டா கத்துற."

"நான் கரெக்டாத்தான் கத்துறேன். உன் காதுலதான் கிரீஸ் அடைச்சிருக்கு."

ஒவ்வொரு முகாமிலும் இதே சண்டை. அது முடிந்ததும் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற ஏதோ ஒன்று எங்களைக் கண்டுகொள்ளும். அந்த முதல் நொடி எனக்குப் பிடிக்கும். ஒன்றுமில்லாத சமவெளியில், காய்ந்த உப்புச்செடிகளுக்கு நடுவே, ஒரு இழை மேலிருந்து இறங்கி வந்து குழாயில் கட்டிக்கொண்டது போலிருக்கும்.

புதன்கிழமை அந்த இழையில்தான் அவன் மகளிடம் சொன்னான். கேம்பர் கதவருகே நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"தண்ணி வந்துடுச்சு பிரான்."

திரையில் அவள் சிரித்தாள். சிரிப்பா அது, தெரியவில்லை. "நெனச்சேன். அம்மாகிட்ட பந்தயமே கட்டினேன், பாலமா தண்ணியான்னு."

"பிரான்..."

"சரிப்பா. சரி. ஒரு நாற்காலி போட்டு அதுமேல டேப்லெட்ட வைக்கிறேன். முன் வரிசை. வழக்கப்படி, இந்தப் பொண்ண அழைச்சுட்டு வந்தது யாருன்னு கல்யாணம் நடத்திவைக்கிற அம்மா கேப்பாங்க. நான்தான்னு சொல்லணும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அதுக்காவது இருப்பியா?"

"இருப்பேன்."

"லேட்டாக்க முடியாதுப்பா. நீர் உள்வாங்குற நேரம் பாத்து வச்சிருக்கோம். ஒரு மணிக்கெல்லாம் அந்த மணல் பூராவும் கடல்."

"இருப்பேன்னு சொல்றேன்ல."

வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பிரானின் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து நின்றுவிட்டது. மூன்று நிமிடம். பிறகு தானாக வந்தது.

"பாத்தியா" என்றாள் அவள். "மொகத்தக் காட்டறதுக்குள்ள காணாமப் போயிட்ட."

ரோலி பழியைக் காக்கட்டூக் கிளிகள்மேல் போட்டான். அந்த வெள்ளைப் பிசாசுகள் கேபிளைக் கடிக்கும் என்பது உண்மைதான். அன்று முழுக்கக் கேபிளை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தான். ஒரு அலகுத் தடம்கூட இல்லை. இருந்தாலும் மாற்றினான். முட்டுகளை இறுக்கினான். குழாய்க்கு மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினான்.

வெள்ளிக்கிழமையும் அதே கதை. பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்குப் போனது ஐந்தரை நிமிடம் கழித்து வந்தது. ரோலி பாதி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். நான் வெளியே, வெயிலில், டிஷ்ஷைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று இல்லை. தண்ணீர் அசையவில்லை. தொலைவில் மரங்கள் தரையை விட்டு எழும்பி நின்றன. அப்போதுதான் கண்ணில் பட்டது. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கின் நுனியில் ஒரு வெள்ளை வெளிச்சம், குண்டுமணி அளவுக்கு, கண்ணைக் குத்தியது. கை வைத்தேன். சுட்டது.

திரும்பி வடக்கே பார்த்தேன். சூரியன். பூமியின் இந்தத் தென்பாதியில் மத்தியானச் சூரியன் வடக்கேதான் நிற்கும்; டிஷ் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதற்கு நேர் பின்னால்.

"யோவ் பெரிசு" என்று கூப்பிட்டேன். "உன் காக்கட்டூவக் கண்டுபிடிச்சிட்டேன்."

டிஷ் விற்றவர்களின் உதவி எண்ணுக்கு அவன் பேசினான். ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்: "உங்க டிஷ்ல ஒரு கோளாறும் இல்ல சார். வருஷத்துல ரெண்டு தடவ, சில நாளைக்குச் சூரியன் நேரா பின்னால வந்து நிக்கும். அந்த இரைச்சல்ல எங்க சத்தம் அமுங்கிடும். நாளைக்குத்தான் அதிகம். பன்னிரண்டு நாப்பத்தொண்ணுலேருந்து ஒரு ஏழு நிமிஷம்."

"லாரிய நகத்தினா?"

"எவ்வளவு தூரம் நகத்துவீங்க?"

ரோலி கதவு வழியாக வெளியே பார்த்தான். மணல்மேடு நீளவாக்கில் இருநூறு அடி.

ஏழு நிமிடம். அந்தம்மா கேள்வி கேட்பது ஏறக்குறைய அந்த நேரம்தான் வரும். ஒத்திகையில் அப்படித்தான் வந்தது. நான் சொன்னேன், இப்பவே கூப்பிட்டு மகளிடம் சொல், கேள்வியை முன்னால் வைத்துக்கொள்ளச் சொல், இல்லை பின்னால். அவன் தலையை ஆட்டினான்.

"மாட்டேன்."

"ஏன்யா?"

"முப்பது வருஷமா காத்திரு காத்திருன்னுதான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டிருக்கேன். ஆறு, பாலம், சேறு. இப்ப சூரியனா? நீயே சொல்லு, நம்புவாளா? அவ கல்யாண நாள்லயும் என் பேர்ல ஒரு காத்திருப்பா?"

"அப்ப கேக்குறப்ப நீ இல்லேன்னா?"

"சூரியன் வர்றதுக்குள்ள சொல்லிடலாம், வேகமா முடிஞ்சா."

"கல்யாணம் நடத்தி வைக்கிற அந்தம்மா பேசுறதப் பாத்தியா? கிரேடர்கூட அதவிட வேகமாப் போகும்."

அவன் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீரின் ஓரத்தில் நின்றான். அந்தி மங்கும்வரை நின்றான். தண்ணீர் ஒரு விரல் ஏறியிருந்தது, அவ்வளவுதான். அவன் பாதங்களைச் சுற்றி சின்ன மீன்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. நாங்கள் இருவரும் எங்கேயோ மெல்ல மிதந்து போய்க்கொண்டிருக்கிறோம், நிலம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மிச்ச முகத்தையும் மழித்துவிட்டு வந்தான். அவனிடம் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அதில் கிரீஸ் கறை இருந்த இடத்தை மேஜைக்குக் கீழே வருகிறமாதிரி உட்கார்ந்தான். நான் அவன் பக்கத்தில், திரையில் தெரியாதபடி ஒதுங்கி. இருவரும் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டோம்.

கடற்கரை தெரிந்தது. பளபளவென்று ஈர மணல், வெறுங்காலோடு முப்பது நாற்பது பேர். பிரான் வெள்ளையில் வந்தாள், அவள் தலைமுடி காற்றில் பறந்தது. மாப்பிள்ளை கெலெப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தான். கல்யாணம் நடத்திவைக்கிற அம்மா அன்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பேசினாள், பேசினாள். கடலைப் பற்றியும் பேசினாள்.

பன்னிரண்டு முப்பத்தேழு. முப்பத்தெட்டு. ரோலி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தொன்பது. அந்த அம்மா தன் பாட்டியின் கல்யாணக் கதைக்குப் போய்விட்டாள்.

"யோவ்" என்று கிசுகிசுத்தேன்.

ரோலி பேசினான். யாரும் கேட்காமல், யாரும் கூப்பிடாமல். இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத சத்தத்தில்.

"பிரான்!"

கடற்கரை முழுதும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"பிரான், மன்னிச்சுக்கோ. சூரியன் குறுக்க வருது. நெசமாத்தான், சிரிக்காத. ஏழு நிமிஷம் என்னால பேச முடியாது. லாரி நல்லா இருக்கு, டிஷ் நல்லா இருக்கு. நீங்க நிறுத்த வேணாம், நடத்துங்க. ஆனா நான் எங்கயும்—"

அவள் முகம் கட்டங்களாக உடைந்தது. பாதி வாய் திறந்திருந்தது. சிரிக்கப்போகிறாளா, அழப்போகிறாளா, கண்டுபிடிக்க முடியவில்லை.

நாங்கள் அசையவில்லை. ரோலியின் கை மேஜையில், அவன் பேசி முடித்த இடத்திலேயே இருந்தது. வெளியே வெளிச்சம் மேலிருந்தும் வந்தது, கீழே தண்ணீரிலிருந்தும் வந்தது. கேம்பரின் கூரையில் அலையலையாக ஓடியது. கூழைக்கடாக்கள் வட்டமாக ஏறி ஏறி ஊசிமுனை அளவாகி மறைந்தன. எங்கேயோ அவன் மகளுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது, அல்லது நடந்து முடிந்திருந்தது. நேரம் போனதா நின்றதா என்று சொல்லமாட்டேன். ஒரு ஈ அவன் நெற்றியில் உட்கார்ந்து, நடந்து, பறந்துபோனது. அவன் விரட்டவில்லை.

பிறகு படம் வந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. மணலைக் காணோம். எல்லோரும் தண்ணீரில் நின்றிருந்தார்கள், கணுக்கால் ஆழத்தில், செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு. கல்யாணம் நடத்திவைக்கிற அம்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நாற்காலியை யாரோ கையில் தூக்கிப் பிடித்திருந்தார்கள்போல, படம் ஆடியது. பிரானின் வெள்ளை உடுப்பின் கீழ்ப்பாதி முழுக்க நனைந்திருந்தது.

"வந்துட்டார்!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் கேட்டது.

"நிறுத்த வேணாம்னு சொன்னேனே" என்றான் ரோலி.

"நான்தான் நிக்கச் சொன்னேன்" என்றாள் பிரான். "கெலெப்போட மாமா போன்ல பாத்தார். சூரியன் விஷயம் நெசந்தானாம்." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நான் எங்கயும்னு சொன்ன. அதோட போயிட்ட. மிச்சம் என்ன?"

ரோலி திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"போகலன்னு" என்றான். "எங்கயும் போகல, இங்கயேதான் இருக்கேன்னு சொல்ல வந்தேன்."

அவள் சரியென்று தலையை ஆட்டினாள், இரண்டு தடவை. ஒரு அலை வந்து எல்லோரும் "ஓ" என்று முழங்காலைத் தூக்கினார்கள்.

"சீக்கிரம் கேளுங்கம்மா" என்றாள் பிரான் அந்த அம்மாவிடம். "நீந்த வேண்டி வந்துடும்."

அந்த அம்மா இம்முறை பாட்டியை விட்டுவிட்டாள். புத்தகத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, நேராக டேப்லெட்டைப் பார்த்து, இந்தப் பெண்ணை அழைத்து வந்தது யார் என்று கேட்டாள்.

ரோலி வெள்ளைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். "நான்தான்" என்றான்.